கர்த்தர் திரும்பிப் பார்த்தார்

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் 28 பேராக எருசலேமுக்குப் போனோம். மூன்றாம் நாள் காலை பஸ் எங்களை ஒலிவமலை உச்சியில் இறக்கிவிட்டது. அங்கிருந்து, ஆண்டவர் ஜெபித்த கெத்செமனே தோட்டம் வரை நடைதான். நல்ல செங்குத்து இறக்கம். வயதானவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

பாதி வழியில் ஒரு சிறிய ஆலயம். பெயர் தோமினுஸ் ஃபிளேவித். இலத்தீனில் ‘ஆண்டவர் அழுதார்’ என்று அர்த்தம். பர்லூச்சி என்ற இத்தாலியக் கட்டடக் கலைஞர் வடிவமைத்து, 1955-இல் முடிந்தது. கட்டடத்துக்கே கண்ணீர்த்துளியின் வடிவம் கொடுத்திருக்கிறார். உள்ளே பீடத்துக்குப் பின்னால் பெரிய ஜன்னல். அதன் வழியே பழைய எருசலேம் முழுவதும் தெரிகிறது. யூதரின் தேவாலயம் அன்று நின்ற மேடை நேர் எதிரே இருக்கிறது.

இயேசு இந்த நகரத்தைப் பார்த்து அழுத இடத்தை, லூக்கா 19-ஐ, போதகர் வாசித்தார். “உனக்குக் கிடைத்த இந்த நாளிலாகிலும் உன் சமாதானத்துக்கு ஏற்றவைகளை நீ அறிந்திருந்தாயானால் நலமாயிருக்கும்.” ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராது என்ற வார்த்தை அதற்குப் பிறகு வருகிறது.

தீர்க்கதரிசனம் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்து கன்வென்ஷன் மேடையின் உரத்த குரல்தான் ஞாபகம் வரும். யுத்தங்கள், பூமியதிர்ச்சிகள், தானியேல் புத்தகத்தின் வாரங்களை வைத்துக் கடைசிக் காலத்துக்குப் போட்ட கணக்குகள். நானும் நோட்டு எடுத்துப்போய் எழுதியிருக்கிறேன். ஆனால் இந்த அழிவை முன்னறிவித்தவர் அழுதுகொண்டே சொன்னார் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. பீடத்தின் முகப்பில், குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்த்துக்கொண்ட ஒரு கோழி, சிறு கல் துண்டுகளால் பதித்திருக்கிறது. கோழி தன் குஞ்சுகளைச் சேர்ப்பதுபோல எருசலேமின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள “எத்தனைதரமோ” மனதாயிருந்தேன் என்று அவர் சொன்ன வசனம் அது. “உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று” என்று அந்த வசனம் முடிகிறது. ஜன்னலை விட்டு நகர எனக்கு நேரமானது.

மதியம் மேற்கு மதிலின் தென்கோடிக்குப் போனோம். முதல் நூற்றாண்டுக் கல்பாவிய தெரு அங்கே இருக்கிறது. கி.பி. 70-இல் ரோமத் தளபதி தீத்துவின் படைகள் மேலேயிருந்து தள்ளிய பெரும் கற்கள் அந்தத் தெருவில் இன்னும் குவியலாகக் கிடக்கின்றன. விழுந்த வேகத்தில் தரைக்கற்கள் பள்ளமாகிப் பிளந்திருக்கின்றன. நிறைவேறிய ஒரு தீர்க்கதரிசனத்தை, விரும்பினால், கையால் தொடலாம். எங்களில் பலர் தொட்டார்கள். என்னால் முடியவில்லை.

யோனா தீர்க்கதரிசியை நினைத்துக்கொண்டேன். “இன்னும் நாற்பதுநாள் உண்டு” என்று நினிவேக்குச் சொன்னான். அவர்கள் தங்கள் பொல்லாத வழியைவிட்டுத் திரும்பினார்கள், நகரம் தப்பியது. எபிரெயத்தில் அங்கே வருவது ‘ஷூவ்’ என்ற சொல்: திரும்பு, திரும்பி வா. நம்முடைய ‘மனந்திரும்புதல்’ அதை எவ்வளவு சரியாகப் பிடித்திருக்கிறது பாருங்கள். நினிவேக்கு நாற்பது நாள். ஆண்டவர் அழுததற்கும் இந்தக் கற்கள் விழுந்ததற்கும் நடுவே எருசலேமுக்கோ ஏறக்குறைய நாற்பது வருஷம்.

சாயங்காலம் சீயோன் மலையின் கிழக்குச் சரிவில் இருக்கும் சேவல் கூவிய ஆலயத்துக்குப் போனோம். சேவல் கூவுமுன் பேதுரு ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்ததை நினைவுகூரும் இடம். பிரதான ஆசாரியன் காய்பாவின் வீடு இருந்த இடம் என்பது பாரம்பரியம். எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்றுக்கொள்வதில்லை. இப்போதுள்ள ஆலயம் 1931-இல் கட்டப்பட்டது. கூரைமேல் சிலுவை, அதன்மேல் ஒரு சேவல். காலையில் கோழி, மாலையில் சேவல் என்று எங்கள் கூட்டத்தில் ஒரு அம்மா மெதுவாகச் சொன்னார்.

ஆலயத்தின் அடியில் பாறையைக் குடைந்த ஒரு குழி. ஆண்டவரைப் பிடித்த அந்த இரவில் அவரை இங்கே வைத்திருந்தார்கள் என்று நம்புகிறார்கள். குறுகிய படிகளில் இறங்கினோம். யாரோ 88-ஆம் சங்கீதத்தை வாசித்தார்கள். “என்னைப் பாதாளக்குழியிலும் இருளிலும் ஆழங்களிலும் வைத்தீர்.” வாசித்தவருக்குக் குரல் கம்மி நின்றுவிட்டது. மற்றவர்கள் தொடர்ந்தார்கள்.

இதை எழுதுவதற்குக் காரணம் அந்தக் குழியில் எனக்கு நடந்ததுதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் பணம் குறைந்தது. கூட வேலை செய்த ஒருவர்மேல் பழி விழுந்தது. அவர் அன்றைக்கு அந்த அறைப்பக்கமே வரவில்லை என்பது எனக்குத் தெரியும். விசாரித்தபோது, “எனக்கு ஒன்றும் தெரியாது சார்” என்றேன். ஒரே வாக்கியம். அவருக்கு வேலை போயிற்று. அதற்கப்புறம் ஒரு ஞாயிறு ஆராதனையைக்கூட நான் தவறவிட்டதில்லை. இராப்போஜனமும் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

“அந்த மனுஷனை அறியேன்” என்று பேதுரு சொன்னதும் அப்படி ஒரே வாக்கியம்தான். மேலே ஏறி வந்து வெளியில் உட்கார்ந்து லூக்கா 22-ஐ எடுத்தேன். நூறு தடவை படித்த அதிகாரம். “அப்பொழுது கர்த்தர் திரும்பிப் பேதுருவை நோக்கிப் பார்த்தார்.” முதலில் திரும்பியவர் அவர். பேதுருவின் அழுகை அதற்குப் பிறகுதான்.

அப்புறம் பக்கத்தைப் பின்னால் தள்ளினேன். மறுதலிப்பாய் என்று மட்டுமா முன்னறிவித்தார்? அதற்கு முன்பே, “உனக்காக வேண்டிக்கொண்டேன், நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து” என்கிறார். குணப்பட்டால் என்று இல்லை, குணப்பட்டபின்பு. பேதுரு விழுவதற்கு முன்பே அவன் திரும்பி வருவதும் சொல்லப்பட்டாயிற்று. என் தீர்க்கதரிசன நோட்டின் எந்த அட்டவணையிலும் நான் இதை எழுதி வைத்ததில்லை.

ஆலயத்தின் பக்கத்தில் பழங்காலக் கற்படிகள் கீதரோன் பள்ளத்தாக்கை நோக்கி இறங்குகின்றன. அந்த இரவு ஆண்டவர் நடந்த வழியாக இருக்கலாம் என்கிறார்கள். படிகளின் அருகே நின்று வாய்விட்டு அழுதேன். போதகர் பார்த்தார், கிட்டே வரவில்லை. அதற்கு நன்றி.

ஊருக்கு வந்து இரண்டாம் வாரம், அன்று வேலை போனவரின் வீட்டைத் தேடிப் போனேன். கதவைத் திறந்தவர் அவரேதான். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொள்ள ஒரு நிமிஷம் பிடித்தது. “உள்ள வாங்க” என்றார். நாற்காலியில் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “உட்காருங்க சார்” என்றார்.