செமஸ்டர் டென்ஷன்: பாஸ் மார்க் கணக்கும் தூக்கக் கணக்கும்

ஸ்டடி ஹாலிடே தொடங்கியதும் ஹாஸ்டலில் தவறாமல் கேட்கும் வசனம் இது: "மூணு யூனிட் ஒழுங்கா படி மச்சி, பாஸ்தான்." எந்தக் கணக்கில் சொல்கிறாய் என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் பரீட்சை நேரத்து டென்ஷனில் பாதி, இந்தக் கணக்கு தெரியாததால் வருவது. எவ்வளவு வேண்டும் என்று தெரியாவிட்டால் ஐந்து பேப்பரும் மூன்று அரியரும் ஒன்றாகச் சேர்ந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். தியானம், பாசிட்டிவ் திங்கிங் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள்.

2021 ரெகுலேஷனில் (பாடத்திட்ட, தேர்வு விதிகளின் தொகுப்பு) தியரி பாடத்துக்குக் கல்லூரியே போடும் இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்வை 100 மார்க்குக்கு எழுதுகிறோம், அதை 60-க்கு மாற்றுகிறார்கள். பாஸாக இரண்டு நிபந்தனை: தேர்வில் குறைந்தது 45 சதவீதம், இரண்டும் சேர்த்து 50. ஆக, இன்டர்னல் 23 அல்லது அதற்கு மேல் இருந்தால் பேப்பரில் 45 எடுத்தால் போதும். இன்டர்னல் 20 என்றால் பேப்பரில் 50 வேண்டும். 15 என்றால் 59. ஒவ்வொரு பாடத்துக்கும் இந்த எண்ணைத் தனியாக எழுதி மேஜை மேல் ஒட்டுங்கள். "எல்லாம் போச்சு" என்று நினைத்த இடத்தில், உண்மையில் ஆபத்தில் இருப்பது இரண்டு பேப்பர்தான் என்று பலருக்கும் அப்போதுதான் தெரியும். வேறு ரெகுலேஷனில் படிப்பவர்களும் தன்னாட்சிக் கல்லூரிக்காரர்களும் தங்கள் ரெகுலேஷன் புத்தகத்தைப் பார்த்து இதே கணக்கைப் போடலாம்.

இப்போது அந்த மூணு யூனிட் வசனத்துக்கு வருவோம். பாடத்துக்கு ஐந்து யூனிட். பார்ட் ஏ பத்து டூ மார்க், யூனிட்டுக்கு இரண்டு, மொத்தம் 20. பார்ட் பி ஐந்து கேள்வி, தலா 13, யூனிட்டுக்கு ஒன்று, ஏ அல்லது பி என்று சாய்ஸ் உண்டு. பார்ட் சி ஒரே கேள்வி, 15. மூன்று யூனிட் மட்டும் படித்தால் கையில் இருப்பது 39-உம் பார்ட் ஏ-யில் 12-உம், மொத்தம் 51. எழுதியதில் 70 சதவீதம் மார்க் விழுந்தால் 36 தேறும். ஃபெயில். நான்கு யூனிட் என்றால் 52-உம் 16-உம் சேர்ந்து 68. அதே 70 சதவீதத்தில் சுமார் 48. இன்டர்னல் 22 இருந்தால் மயிரிழையில் பாஸ். அதனால் நான்கு யூனிட்டை முழுதாகவும், ஐந்தாவதில் டூ மார்க்கை மட்டுமாவது பார்ப்பதும்தான் குறைந்தபட்சத் திட்டம். பார்ட் சி-யைக் காலியாக விட்டுவிட்டு எழுந்து வருகிறவர்கள் 15 மார்க்கை மேஜையிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள். தெரிந்த அளவுக்குப் படமாவது போட்டு வையுங்கள்.

மேத்ஸ் பேப்பர் வேறு மாதிரி. அதில் பார்ட் சி கிடையாது, பார்ட் பி ஐந்து கேள்வியும் தலா 16. ஸ்டெப்புக்கு மார்க் உண்டு என்பதால் பயப்படுகிறவர்களுக்கு உண்மையில் இதுதான் சாதகமான பேப்பர். எம் 1-இல் (முதல் செமஸ்டர் மேத்ஸ்) மேட்ரிக்ஸ் யூனிட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: குவாட்ராடிக் ஃபார்மை ஆர்த்தோகனல் ரிடக்‌ஷனில் கனானிக்கல் ஃபார்முக்குக் கொண்டுவரும் கணக்கு. கேரக்டரிஸ்டிக் ஈக்குவேஷன், ஐகன் வேல்யூ, ஐகன் வெக்டர், நார்மலைஸ், கடைசியில் டயகனல் மேட்ரிக்ஸ். இதில் சறுக்குவது பெரும்பாலும் ஈக்குவேஷனிலேயே, ஒரு மைனஸ் குறியில். அங்கே தப்பு செய்தால் பின்னால் வரும் மூன்று பக்கமும் பெரும்பாலும் வீண். ஐகன் வேல்யூ மூன்றையும் கூட்டினால் மேட்ரிக்ஸின் மூலைவிட்டக் கூட்டுத்தொகை வர வேண்டும், பெருக்கினால் டிட்டர்மினன்ட் வர வேண்டும். வெக்டர்களை இரண்டிரண்டாக டாட் புராடக்ட் எடுத்தால் பூஜ்யம். அரை நிமிட வேலை. இப்படிச் சரிபார்க்கத் தெரிந்தவருக்கு ஹாலில் கை நடுங்குவது குறைகிறது, ஏனென்றால் சரியா தப்பா என்று யோசித்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போக வேண்டியதில்லை.

படிக்கும் முறை பற்றி ஒரே ஒரு விஷயம். நோட்ஸைத் திரும்பத் திரும்ப வாசிப்பது படிப்பு இல்லை. ரோடிகர், கார்ப்பிகே என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மறுபடி மறுபடி வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, வாசிப்பைக் குறைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களைத் தாண்டிப் போனார்கள். "நேத்து ராத்திரி எல்லாம் தெரிஞ்சுது, ஹால்ல மறந்துருச்சு" என்பதன் காரணம் இதுதான். வரிகள் கண்ணுக்குப் பழகியதை, தெரிந்துவிட்டதாக மனம் எடுத்துக்கொள்கிறது. ஒரு 13 மார்க் கேள்வியை ஒருமுறை படியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், தலைப்புகளையும் படத்தையும் வெறும் தாளில் எழுதுங்கள். விட்டதைச் சிவப்பு மையில் சேருங்கள். மறுநாள் சிவப்பை மட்டும் திரும்ப எழுதிப் பாருங்கள். எரிச்சலாக இருக்கும். மெதுவாகப் போவது போலவும் தோன்றும். இருந்தாலும் விடாதீர்கள்.

இரவெல்லாம் விழித்துப் படித்து நைட் அவுட் போடுவது வீரம் என்று யார் சொல்லி வைத்தார்களோ தெரியாது. படித்தது நினைவில் பதிவதே தூக்கத்தில்தான் பெருமளவு நடக்கிறது. தூக்கத்தை வெட்டினால் படித்ததையும் சேர்த்து வெட்டுகிறோம். காபியில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ராத்திரி பத்து மணிக்குக் குடித்த காபியில் பாதி மூன்று மணிக்கும் உடம்பில் இருக்கும். படுத்தாலும் தூக்கம் வராது, நெஞ்சு படபடக்கும், அதையே பரீட்சை பயம் என்று நினைத்து மேலும் பயப்படுவோம். கடைசி டீ மாலை நான்கு, ஐந்து மணியோடு சரி. காலை பத்து மணிப் பரீட்சை என்றால் பதினொன்றுக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுவது தாங்கும். மெஸ்ஸில் இட்லியைத் தவிர்த்து வெறும் வயிற்றோடு ஹாலுக்குப் போகிறவர்களுக்குப் பன்னிரண்டு மணிக்குக் கண் இருட்டினால் கேள்வித்தாளைக் குறை சொல்ல முடியாது.

ஹாலில் மனசு வெள்ளைத் தாளாகிவிட்டால் பேனாவைக் கீழே வையுங்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள், பத்து முறை. வெளிவிடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது. இரண்டு நிமிடம்கூட ஆகாது. பிறகு முதல் கேள்வியிலேயே முட்டிக்கொண்டு நிற்காமல், பார்ட் ஏ-யில் தெரிந்த ஏதோ ஒன்றை எழுதுங்கள். ஒன்று எழுதினால் அடுத்தது நினைவுக்கு வரும். நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: பார்ட் ஏ அரை மணி, பார்ட் பி கேள்விக்கு 23 நிமிடம், பார்ட் சி 25, மீதிப் பத்து நிமிடம் கேள்வி எண்களைச் சரிபார்க்க. தெரிந்த கேள்விக்கு நாற்பது நிமிடம் எழுதி ஆறு பக்கம் நிரப்பினாலும் 13-க்கு 14 போட மாட்டார்கள்.

அடுத்த செமஸ்டருக்கு ஒரு குறிப்பு. இன்டர்னலில் ஒவ்வொரு அசெஸ்மென்டிலும் 100-க்கு 40 மார்க் அசைன்மென்ட், செமினார் வகைக்குப் போகிறது. அதாவது இன்டர்னல் 40-இல் 16 மார்க், பரீட்சை எழுதாமலே வருவது. அதைக் கடைசி நாளில் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதி வீணாக்குகிறவர்கள்தான் நவம்பரில் 59-ஐத் துரத்துகிறார்கள்.

வீட்டில் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். "அப்பா, ரெண்டு பேப்பர் போயிருச்சு, ஏப்ரல்ல மறுபடி எழுதணும், இன்னின்ன பாடம், இப்படிப் படிக்கப்போறேன்" என்று எண்ணோடும் திட்டத்தோடும் சொன்னால் திட்டு விழும், ஆனால் அன்றோடு முடியும். மறைத்தால் ஒவ்வொரு போனுக்கும் ஒரு பொய் சேரும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ சரியில்லை, அறையை விட்டு வெளியே வரப் பிடிக்கவில்லை என்றால் அது கணக்குப் போட்டுத் தீர்கிற டென்ஷன் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகலாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலே காத்திருக்க வேண்டாம்: அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழில் பேசலாம். ரூம்மேட் அப்படி ஏதாவது சொன்னால் "சும்மா இருடா" என்று சிரித்து மழுப்பாமல் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே எண்ணைப் போட்டுக் கொடுங்கள், அன்று இரவு தனியாக விடாதீர்கள்.

ரிசல்ட் வந்தபின் ரிவேலுக்கு (மறுமதிப்பீட்டுக்கு) ஓடுமுன் விடைத்தாளின் போட்டோகாபி வாங்க வேண்டும். வந்ததும் கூட்டல் சரியா, ஏதாவது பதில் திருத்தாமல் விடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு அந்தப் பாடம் எடுத்தவரிடம் காட்டி எத்தனை மார்க் கூடும் என்று கேளுங்கள். இரண்டு மூன்று மார்க் இடைவெளி என்றால் போடலாம், இருபது என்றால் அந்தப் பணத்தை அரியர் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரிவேல் போட்டிருந்தாலும் அந்தப் பாடத்தைப் படிப்பதை நிறுத்த வேண்டாம். முடிவு தாமதமாகி, அரியருக்குப் பணம் கட்டும் கடைசித் தேதி முந்திக்கொண்டால் ஒரு செமஸ்டர் வீணாகும்.