லினக்ஸ் என்று தெரிந்தால் மட்டும் போதாது

கிளிநொச்சியில் இருந்து வேலை பார்க்கும் எங்கள் சிறு குழு ஒரு கம்பைலரின் (எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கருவி) ஸ்டாண்டர்ட் லைப்ரரியை, அதாவது நிரல்கள் எடுத்தாளும் ஆயத்த ஃபங்ஷன்களின் தொகுப்பை, பராமரிக்கிறது. புது வசதி சேர்ப்பதை விட, ஒரு இடத்தில் ஒழுங்காக ஓடுவது இன்னொரு இடத்தில் ஏன் உடைகிறது என்று தேடுவதில்தான் கூடுதல் நேரம் போகும். எனக்கு மிகவும் பிடித்த வேலை.

பரந்தன் பக்கம் வாய்க்கால் நீர்மட்டம் பார்க்க வைத்த ஒரு சின்னப் பெட்டியில் அப்படி ஒன்று மாட்டியது. சேமிப்பிடம் குறைவு, அதனால் ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸ் வகை. கோப்பைத் திறக்க முடியாதபோது காரணம் வரவேண்டிய இடத்தில் 'நல்' (null, அதாவது ஒன்றுமில்லை) என்று மட்டும் பதிவாகியிருந்தது. "அண்ணை, லினக்ஸ் எண்டா எல்லாம் ஒண்டுதானே?" என்றான் குழுவில் உள்ள தம்பி. எங்கள் பழைய நிரலும் அப்படித்தான் நம்பியிருந்தது. பிழை எண்ணுக்கு உரிய செய்தியைத் தரும் 'ஸ்ட்ரெரர்_ஆர்' என்ற ஃபங்ஷன், உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் உள்ள கிளிப்சி என்ற சி லைப்ரரியின் குனு வடிவத்தில் செய்திக்கான பாயின்டரையே (செய்தி இருக்கும் நினைவக முகவரியை) திருப்பித் தரும். ஆல்பைனில் உள்ள மஸ்ல் என்ற சி லைப்ரரி, போசிக்ஸ் என்ற பொதுத் தரம் சொன்னபடி, ஒரு முழு எண்ணைத் தரும், எல்லாம் சரியென்றால் 0. அந்த 0-ஐ எங்கள் நிரல் பாயின்டர் என்று எடுத்துக்கொண்டது, எதையும் சுட்டாத பாயின்டர், அதனால்தான் 'நல்'. கம்பைலர் எச்சரித்துத்தான் இருந்தது, நீண்ட பில்ட் லாக்கில் அது யார் கண்ணிலும் படவில்லை. 2024இல் வந்த ஜிசிசி கம்பைலரின் 14ஆம் பதிப்பு இதைப் பிழை என்றே நிறுத்துகிறது, நல்ல முடிவு.

சரி, நிரலிலேயே 'மஸ்லா?' என்று கேட்டால் என்ன? மஸ்ல் தன்னைக் காட்டிக்கொடுக்கும் மேக்ரோ (கம்பைல் செய்யும்போது நிரல் பார்க்கக்கூடிய அடையாளப் பெயர்) எதையும் வேண்டுமென்றே வைக்கவில்லை. அதில் நான் அவர்கள் பக்கம்தான், ஏனென்றால் பெயரைக் கேட்டு முடிவெடுத்தால் நாளை அந்தப் பெயருக்குள்ளேயே எதுவும் மாறலாம். நமக்கு வேண்டியது அந்த ஃபங்ஷன் எதைத் திருப்பித் தருகிறது என்பது மட்டுமே.

அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை நிரலை ஓட்டிப் பார்க்கவும் முடியாது, மடிக்கணினியில் பில்ட் செய்வது பெட்டியில் இருக்கும் ஆர்ம் வகைச் சிப்புக்கு, அது மடிக்கணினியில் ஓடாது. ஆகவே, வருவதைப் பாயின்டராக வைத்து முதல் எழுத்தை எடுக்கும் ஒரே ஒரு வரியை கன்ஃபிகர் கட்டத்தில், அதாவது பில்டுக்கு முன் சூழலைச் சோதிக்கும்போது, கம்பைல் செய்து பார்க்கிறோம். முழு எண் வந்தால் கம்பைலர் அந்த வரியை ஏற்காது, அதுவே நமக்குப் பதில். எதையும் ஓட்டத் தேவையில்லை.

இப்போது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆல்பைனிலும் பில்ட் ஓடுகிறது. 'லினக்ஸா?' என்று கேட்கும் மற்ற வரிகளைத் தம்பி ஒவ்வொன்றாகப் பிடித்து எடுக்கிறான்.