டூயல் பூட் போட்ட பிறகு டி டிரைவ் மவுண்ட் ஆகவில்லையா?

விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸையும் போட்டாயிற்று, இரண்டும் ஒழுங்காக பூட் ஆகிறது, ஆனால் விண்டோஸில் டி டிரைவ் என்று இருந்த பார்ட்டிஷனை லினக்ஸில் திறக்கப் போனால் ஒன்று மவுண்ட் ஆகவே (அதாவது சிஸ்டத்தோடு இணைந்து திறக்கவே) மாட்டேன் என்கிறது, இல்லையென்றால் திறந்துகொள்கிறது, ஒரு ஃபைலைக்கூட சேவ் செய்ய விடமாட்டேன் என்கிறது. உடனே ஹார்டு டிஸ்க் போய்விட்டதென்று பயப்படுகிறவர்கள் ஒரு பக்கம், பெர்மிஷன் பிரச்சினை என்று முடிவுகட்டி அட்மின் அதிகாரம் தரும் சுடோவோடு, எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுக்கும் சிஎச்மோட் 777 அடிக்கிறவர்கள் இன்னொரு பக்கம். அநேகமாக இரண்டுமே இல்லை. டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும், விண்டோஸ் அதை இன்னும் கையிலிருந்து விடவில்லை, அவ்வளவுதான்.

2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒரு வசதி இருக்கிறது. அது ஆனில் இருந்தால் நீங்கள் ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. உங்களை லாக் ஆஃப் செய்துவிட்டு, சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலையும் டிரைவர்களையும் மெமரியில் இருந்தபடியே ஹைபர்ஃபில்.சிஸ் என்ற ஃபைலில் எழுதி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது, மறுபடி ஆன் செய்தால் அங்கிருந்தே தொடர்கிறது. பார்ட்டிஷனில் எந்த ஃபைல் எங்கே இருந்தது என்கிற விவரமும் அந்த நினைவில் உண்டு. நடுவில் லினக்ஸ் புகுந்து எதையாவது எழுதினால், எழுந்து வரும் விண்டோஸ் தன் பழைய நினைவை நம்பி அதன் மேலேயே எழுதும், ஃபைல்கள் நாசமாகும். லினக்ஸ் எழுத மறுப்பது நம் டேட்டாவைக் காப்பாற்றத்தான்.

சிக்கல் என்னவென்றால் அதை அது சொல்கிற விதம். விண்டோஸ் பார்ட்டிஷன்களின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்ஸை லினக்ஸில் படிக்க உதவும் பழைய என்டிஎஃப்எஸ்-3ஜி டிரைவர் பரவாயில்லை, மெட்டாடேட்டா விண்டோஸ் கேஷில் இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டு ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்யும். 2021-ல் கெர்னல் 5.15-ல் சேர்ந்த என்டிஎஃப்எஸ்3 டிரைவர் அப்படியில்லை. ஃபைல் மேனேஜரில் கிளிக் செய்தால் தவறான ஃபைல் சிஸ்டம் வகை, தவறான ஆப்ஷன், கெட்டுப்போன சூப்பர்பிளாக், காணாமல்போன கோட்பேஜ் என்று ஒரே வரியில் சகல சாபங்களையும் கொட்டும். கெட்டுப்போன சூப்பர்பிளாக் என்ற இடத்தில்தான் பலருக்கு வயிற்றைக் கலக்குகிறது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், காரணம் தெரியாதபோது மவுண்ட் கமாண்ட் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லும் வாக்கியம் அது. நிஜமான காரணம் டிமெசேஜில், அதாவது கெர்னல் லாகில் இருக்கும். சுடோ போட்டு டிமெசேஜை ஓடவிட்டு கடைசிச் சில வரிகளைப் பாருங்கள், வால்யூம் டர்ட்டியாக (ஒழுங்காக மூடப்படாமல்) இருக்கிறது, ஃபோர்ஸ் ஃபிளாக் தரப்படவில்லை என்று இருக்கும்.

இந்த இடத்தில் கை துறுதுறுக்கும். ஃபோர்ஸ் என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறதே, கொடுத்துப் பார்த்தால் என்ன? வேண்டாம். என்டிஎஃப்எஸ்-3ஜியில் ரிமூவ்-ஹைபர்ஃபைல் என்ற ஆப்ஷனும் உண்டு, அது விண்டோஸ் சேமித்து வைத்திருக்கும் அந்த செஷனையே அழித்துவிடும். நிஜமாகவே ஹைபர்நேட் செய்திருந்தால் திறந்து வைத்திருந்த வேலையெல்லாம் போச்சு. என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்ற கருவியைப் பேரைப் பார்த்து நம்புகிறார்கள், அது சில அடிப்படைக் கோளாறுகளைச் சரிசெய்து, ஜர்னலை ரீசெட் செய்து, அடுத்த விண்டோஸ் பூட்டில் செக் நடக்கும்படி குறித்து வைக்கிறது, அதற்கு மேல் எதுவும் கிடையாது, விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்புக் கருவியான செக்டிஸ்க் செய்கிற வேலையை அது செய்யாது. விண்டோஸையே எடுத்துவிட்டீர்கள், டேட்டா பார்ட்டிஷன் மட்டும் மிச்சம் என்றால் இவற்றைப் பயன்படுத்தலாம். விண்டோஸ் உயிரோடு இருக்கிறதென்றால் அதற்குள் போய்ச் சரிசெய்வதுதான் முறை.

எப்படி? விண்டோஸில் அட்மின் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி என்ற கமாண்டை ஸ்லாஷ் எச் ஆஃப் என்ற ஆப்ஷனோடு கொடுத்தால் ஹைபர்நேட்டும் அதோடு ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் ஒழிந்தது. ஹைபர்நேட் வேண்டும் என்பவர்கள் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய் பவர் பட்டன் செட்டிங்கில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்கை மட்டும் எடுக்கலாம், ஆனால் ஹைபர்நேட் செய்துவிட்டு லினக்ஸுக்குள் வந்து நிற்காதீர்கள். அலுவலக லேப்டாப், செட்டிங்கைத் தொட முடியாது என்றால் ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து பூட் மெனுவில் லினக்ஸைத் தேர்ந்தெடுங்கள். ரீஸ்டார்ட்டில் விண்டோஸ் முழுதாகவே அணைந்து எழுகிறது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் எட்டிப்பார்க்காது. அதன் பிறகும் டர்ட்டி என்றால் விண்டோஸிலிருந்து செக்டிஸ்க்கை ஸ்லாஷ் எஃப் போட்டு ஓட்டிவிட்டு வாருங்கள்.

சரி, டிரைவ் மவுண்ட் ஆகிவிட்டது, இனி ஒவ்வொரு முறையும் கிளிக் செய்ய முடியாது, தானாக மவுண்ட் ஆகட்டும் என்று பூட் ஆகும்போது எதையெல்லாம் மவுண்ட் செய்வது என்று லினக்ஸ் பார்க்கும் எஃப்எஸ்டேப் ஃபைலில் ஒரு வரி சேர்ப்போம். அடுத்த தொல்லை அங்கேதான் பிறக்கிறது. எஸ்டிஏ2 மாதிரியான டிவைஸ் பெயரை அந்த வரியில் எழுதாதீர்கள், ஒன்றுக்கு மேல் டிஸ்க் இருந்தால் ஒரு பூட்டில் எஸ்டிஏவாக இருந்தது அடுத்த பூட்டில் எஸ்டிபி ஆகலாம். எல்எஸ்பிஎல்கே கமாண்டை மைனஸ் எஃப் போட்டு ஓட்டினால் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் யூயூஐடி என்ற தனி அடையாளம் தெரியும், அதைக் காப்பி செய்து போடுங்கள். லினக்ஸின் எக்ஸ்ட்4-க்கு நடுநடுவே கோடு போட்ட நீளமான யூயூஐடி இருக்கும், என்டிஎஃப்எஸ்ஸுக்குக் கோடே இல்லாமல் 16 எழுத்துகள்தான், இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு 8 எழுத்தும் நடுவில் ஒரு கோடும். சின்னதாக இருக்கிறதே, ஏதோ தப்பு என்று நினைக்க வேண்டாம்.

அந்த வரியில் நான்காவதாக வரும் ஆப்ஷன்கள் பகுதியில் நோஃபெயில் என்று கட்டாயம் சேருங்கள். அது இல்லாவிட்டால், அந்தப் பார்ட்டிஷன் ஏதோ காரணத்தால் கிடைக்காத அன்று பூட்டை நடத்தும் சிஸ்டம்டி 90 விநாடி காத்திருந்துவிட்டு, அப்புறம் எமர்ஜென்சி மோடில் கருப்புத் திரையைக் காட்டி ரூட் பாஸ்வேர்டு கேட்கும். படமும் பாட்டும் வைத்திருக்கிற டிரைவுக்காக மொத்த சிஸ்டமும் பூட் ஆகாமல் நிற்பது அபத்தம். அங்கே மாட்டிக்கொண்டாலும் பதற வேண்டாம், உள்ளே போய் ரூட்டை ரீட்-ரைட்டாக ரீமவுண்ட் செய்து, எஃப்எஸ்டேபில் அந்த வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் போட்டு ரீபூட் செய்தால் போதும். இன்னும் நல்லது, எஃப்எஸ்டேபை மாற்றிய கையோடு ஃபைண்ட்எம்என்டி கமாண்டை வெரிஃபை ஆப்ஷனோடு ஒருமுறை ஓட்டுங்கள், எழுத்துப்பிழை இருந்தால் அங்கேயே சொல்லிவிடும். பிறகு மவுண்ட் மைனஸ் ஏ.

அதே ஆப்ஷன்கள் பகுதியில் யூஐடி, ஜிஐடி (யூசர் எண், குரூப் எண்) இரண்டையும் உங்கள் எண்ணுக்கு வைத்துவிடுங்கள், முதல் யூசருக்கு வழக்கமாக 1000 இருக்கும், ஐடி என்று டைப் செய்தால் தெரிந்துவிடும். என்டிஎஃப்எஸ்ஸில் சாதாரணமாக லினக்ஸ் பெர்மிஷன் எதுவும் பதிவாகாது, மவுண்ட் செய்யும் நேரத்தில் நாம் சொல்வதுதான் எல்லா ஃபைலுக்கும். சிஎச்மோட் அடித்து அடித்து ஒன்றும் மாறவில்லை என்று புலம்புவதற்குக் காரணம் இதுதான்.

ஒரே மெஷினில் இரண்டு லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. இரண்டும், மெமரி போதாதபோது உதவும் ஸ்வாப் பார்ட்டிஷன் ஒன்றையே பகிர்ந்துகொண்டால், இரண்டாவதை இன்ஸ்டால் செய்யும்போது இன்ஸ்டாலர் அந்த ஸ்வாப்பை ஃபார்மட் செய்துவிடலாம், யூயூஐடி மாறிவிடும். முதல் லினக்ஸ் பழைய யூயூஐடியைத் தேடிக்கொண்டு அதே 90 விநாடி உட்கார்ந்திருக்கும். எஸ்எஸ்டி ஸ்லோவாகிவிட்டது என்று சொன்னவர்களிடம் எஃப்எஸ்டேபில் ஸ்வாப் வரியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், பல தடவை அதுதான்.

பார்ட்டிஷன் வகையே பிட்லாக்கர் (விண்டோஸின் என்கிரிப்ஷன் பூட்டு) என்று காட்டினால் மேலே சொன்ன எதுவும் வேலைக்கு ஆகாது. கிரிப்ட்செட்அப் என்ற கருவியின் 2.3 பதிப்பு முதல் லினக்ஸே அதைத் திறக்கும், பாஸ்வேர்டோ 48 இலக்க ரெக்கவரி கீயோ கையில் இருக்க வேண்டும். செக்யூர் பூட் செட்டிங்கை மாற்றினாலும் விண்டோஸ் அந்தக் கீயைக் கேட்கலாம், ஆகவே பயாஸில் கை வைப்பதற்கு முன்பே அதை வேறு எங்காவது எழுதி வையுங்கள்.

கடைசியாக எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் ஆபத்து. விண்டோஸில் புதிதாக ஒரு டிரைவ் லெட்டர் தெரியும், தொட்டால் இதை ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். அது உங்கள் லினக்ஸ் பார்ட்டிஷனாக இருக்கலாம், கேன்சல் கொடுங்கள். ஜிபிடி என்ற பார்ட்டிஷன் அட்டவணை முறையில் உள்ள டிஸ்க்குகளில் பழைய லினக்ஸ் கருவிகள் விண்டோஸ் டேட்டா பார்ட்டிஷனுக்கான அதே டைப் கோடைத்தான் போட்டன, அதனால் விண்டோஸ் அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்கிறது. லினக்ஸிலிருந்து ஜிடிஸ்க் என்ற பார்ட்டிஷன் கருவியில் அந்தப் பார்ட்டிஷனின் டைப்பை 8300 என்று மாற்றி எழுதிவிட்டால் விண்டோஸ் தானாக டிரைவ் லெட்டர் கொடுப்பது நின்றுவிடும். டைப் கோடு மட்டும்தான் மாறும், உள்ளே இருக்கும் டேட்டாவை அது தொடாது.