கல்லா, பாறையா

நோர்வேயில் ஓர் ஆப்பிள் தோட்டத்தில் கப்பு (மரங்களைத் தாங்கும் தூண்) நடக் குழி தோண்டிக்கொண்டிருந்தோம். முழங்கால் ஆழம்கூட இறங்கவில்லை, அலவாங்கு (கடப்பாரை) "ணங்" என்று நின்றுவிட்டது. தோட்டக்காரர் குழிக்குள் எட்டிப் பார்த்து, "ஃபியெல்" என்றார். நான் நிமிர்ந்து, மலைகளுக்கு நடுவே நுழையும் கடல் கிளையான ஃபியோர்டின் அக்கரையைப் பார்த்தேன். அங்கே ஃபொல்கெஃபொன்னா பனியாறு வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்தவரை ஃபியெல் என்றால் மலை. அவர் விரலோ குழியைக் காட்டியது. மலைக்கும், மண்ணுக்கு அடியில் கிடக்கும் தாய்ப்பாறைக்கும் இந்த மொழியில் ஒரே சொல்தான் என்பதை அன்றுதான் அறிந்தேன். மேலே நிற்பதும் கீழே கிடப்பதும் ஒரே உடம்பு என்று பார்த்தால், பொருத்தமான சொல்தான்.

அது 2016 ஏப்ரல். நோர்வேக்கு நான் வந்து ஏழாவது வருடம். அதற்கு முந்தைய வருடங்களில் பெரும்பகுதி வடக்கே, ஃபின்மார்க்கில் போட்ஸ்ஃபியோர்ட் என்ற மீன்பிடித் துறைமுகத்தில் போயிற்று. எண்பதுகளிலிருந்தே இலங்கைத் தமிழர்களான எங்கள் ஆட்கள் அந்தக் கரையோர ஊர்களின் மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனவர்கள். என் கணவரும் அப்படித்தான் போயிருந்தார், நான் அவரிடம் வந்து சேர்ந்தேன். அங்கே மரம் என்று சொல்ல எதுவும் கிடையாது. நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுவில்தான் திரும்பி வரும். மீன் துண்டு போடும் வரிசையில் இயந்திர இரைச்சலுக்கு நடுவே நின்று, யார் எதைச் சொன்னாலும் "யா, யா" (ஆமாம், ஆமாம்) என்று தலையாட்டப் பழகினேன். அந்தப் பழக்கத்தைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.

கணவருக்கு ஒட்டாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் தெற்கே வந்தோம். ஹார்டாங்கர் ஃபியோர்டின் ஒரு கிளை சோர்ஃபியோர்டன். அதன் தெற்கு முனையில் இருக்கிறது ஒட்டா. அங்கிருந்து வடக்கே பஸ்ஸில் போனால் உல்லென்ஸ்வாங் பகுதி, கரை முழுவதும் பழத்தோட்டங்கள். ஆப்பிள், பிளம்ஸ், செர்ரி. 13ஆம் நூற்றாண்டில் லோஃப்ட்ஹூஸ் கிராமத்தில் இருந்த சிஸ்டர்சியன் என்ற கிறிஸ்தவ சபையின் துறவிகள்தாம் இங்கே பழமரம் வளர்க்கத் தொடங்கினார்கள் என்று சொல்வார்கள். மலையில் அவர்கள் கட்டிய கற்படிகள் இன்னும் இருக்கின்றன. மே மாதம் கீழே பூவும் மேலே பனியுமாக நிற்கும் இந்தச் சரிவை முதன்முறை பஸ் ஜன்னலில் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. அத்தனை வருடம் மரத்தைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன் என்பது அந்த நிமிடம்தான் உறைத்தது.

பூ உதிர்ந்த பின் நெருக்கமான காய்களை நுள்ளி (கிள்ளி) எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன், பிறகு நிரந்தரமாகிவிட்டேன். தோட்டக்காரருக்கு எழுபது வயதிருக்கும். அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், இங்கே சின்னப் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு நாக்கு எழவேயில்லை. பெயர் சொல்லாமல் அருகில் போய் நின்று பேசத் தொடங்குவேன். அவர்கள் மொழியில் எல்லோருக்கும் ஒரே "நீ"தான். இங்கே அவர் பேச்சை எழுதும்போது என் கைக்கு வருகிறபடி "நீங்கள்" என்றுதான் எழுதுகிறேன்.

ஆப்பிளுக்கு எதற்குக் கப்பு என்று நானும் முதலில் கேட்டேன். பழைய தோட்டங்களில் மரங்கள் விரிந்து, தம் காலில் தாமே நிற்கும். இப்போது நடுவது எம் 9 என்ற ரகம் போன்ற, மரத்தைக் குட்டையாக வைக்கும் வேரடியில் ஒட்டுப் போட்ட கன்றுகள். மீட்டருக்கு ஒன்று வைக்கலாம், மூன்றாம் வருடமே நன்றாகக் காய்க்கும், ஏணி வைக்காமல் பறிக்கலாம். ஆனால் வேர் பலமற்றது, எளிதில் முறியும். காய்ப்பாரத்தோடு அந்த மரத்தால் ஒருநாளும் தனியே நிற்க முடியாது. ஆகவே வரிசை நெடுகக் கப்பு நட்டு, நான்கைந்து கம்பி இழுத்து, ஒவ்வொரு மரத்தையும் அதில் கட்டி வைக்கிறார்கள். மரத்தின் ஆயுள் முழுக்க அந்தக் கம்பிதான் துணை.

மூன்று மீட்டர் உயரமுள்ள, மருந்தேற்றிய பைன் மரக் கப்புகள். முக்கால் மீட்டராவது மண்ணுக்குள் போக வேண்டும். நல்ல மண் என்றால் ட்ராக்டரில் பூட்டிய இயந்திரம் ஒரு நாளில் முழுத்தோட்டத்துக்கும் அடித்து இறக்கிவிடும். எங்கள் சரிவின் மேல்பாதியில் அது நடக்காது. பனியாறு இழுத்து வந்து போட்ட உருண்டைக் கற்கள், அவற்றுக்குக் கீழே பாறை. இயந்திரம் அடித்தால் கப்பு சாயும், அல்லது தலை பிளக்கும். ஆகவே அந்த இடத்தில் நாங்கள் மூன்று பேரும் கையால் வேலை செய்தோம். தோட்டக்காரர், போலந்திலிருந்து வந்த ஒருவர், நான்.

அலவாங்கு எனக்குப் புதிதல்ல. நான் யாழ்ப்பாணத்து வலிகாமத்துப் பெண். எங்கள் செம்மண் பார்க்கத்தான் ஆழம், பல இடங்களில் ஒரு முழத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல் வந்துவிடும். அப்பா திராட்சைப் பந்தல் போட்டிருந்தார். பந்தல் தூண் ஒவ்வொன்றுக்கும் கல்லைக் கொத்திக் குழி எடுத்ததை நான் கூட நின்று பார்த்திருக்கிறேன், குழியிலிருந்து சல்லி அள்ளிப் போட்டிருக்கிறேன். கொத்திய கல்லை அப்பா வீசமாட்டார். கப்பை நிறுத்தி, அதே கூர்க்கற்களைச் சுற்றிவரப் போட்டு, ஒவ்வொரு சாண் உயரத்துக்கும் அலவாங்கின் தட்டைமுனையால் குத்தி இறுக்குவார். "மண் போட்டால் மழைக்கு இளகும், கல் கல்லைக் கடிக்கும்" என்பார்.

இங்கே அந்தக் கடி கிடைக்கவில்லை. தோட்டத்துக் கற்கள் பனியாற்றில் உருண்டு மழுங்கியவை, எவ்வளவு குத்தினாலும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கின. நான் தோட்டக்காரரைக் கையைப் பிடிக்காத குறையாகத் தெருவோரம் கூட்டிப்போய், பாறை வெடித்த இடத்தில் குவிந்திருந்த கூர்ச்சல்லியைக் காட்டினேன். அன்றே ஒரு வண்டி கொண்டுவந்து கொட்டினார். கப்புகள் அசையாமல் நின்றன. அதில் இன்னொரு நன்மையும் இருந்தது. பாறைமேல் குளம்போல் தண்ணீர் தேங்கும் சிறு குழியில் மண்ணைப் போட்டால், குளிர்காலத்தில் அது உறைந்து வீங்கிக் கப்பை மேலே தூக்கிவிடும். சல்லிக்குள் ஈரம் அவ்வளவாகத் தங்காது.

நடுக்கப்புகளைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன். உண்மையில் பாரம் போய் முடிவது வரிசையின் இரண்டு முனைகளில்தான். நடுக்கப்பு கம்பியைத் தாங்கிப் பிடித்துக் காற்றுக்கு ஈடுகொடுத்தால் போதும், கொஞ்சம் ஆழம் குறைந்தாலும் சமாளிக்கலாம். நெருக்கமாக நட்டால் ஆயிற்று. முனைக்கப்போ முழு வரிசையின் இழுவையையும் வாங்குகிறது. அதை வெளிப்பக்கம் சாய்த்து நிறுத்தி, அதன் தலையிலிருந்து ஒரு கம்பியை இறக்கித் தரையில் கட்ட வேண்டும். அந்தக் கட்டு எதில் என்பதுதான் கேள்வி. தாய்ப்பாறை கிடைத்தால் அதைவிட நல்லது கிடையாது. துளை போட்டு, வளையம் வைத்த இரும்புக் கம்பியைச் சீமெந்துக் குழம்பில் இறக்கிவிட்டால், அந்த வளையம் மலையோடு சேர்ந்துவிடும்.

ஆனால் அது பாறைதானா? நொர்ஸ்க்கில், அதாவது நோர்வே மொழியில், ஸ்டெயின் என்றால் கல், ஃபியெல் என்றால் பாறை. பாசி படிந்து, மண்ணில் பாதி புதைந்து கிடக்கும்போது இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். அலவாங்கால் தட்டினால் பாறை "ணங்" என்று திருப்பிப் பேசும், அடி மணிக்கட்டுக்குத் திரும்பி வரும். கல் எவ்வளவு பெரிதானாலும் "தொம்" என்று அடியை விழுங்கும்.

மேல்வரிசையின் வடக்கு முனையில் அன்று கேட்டது "தொம்". என் கைக்கு அது தெரிந்தது. போலந்துக்காரர் துளைக்கருவியை வைத்துவிட்டார், கம்ப்ரசர் அலறியது. தோட்டக்காரர் என்னைப் பார்த்து, "ஃபியெல்தானே?" என்றார். நான் "யா, யா" என்றேன்.

2018 செப்டெம்பர் கடைசி. கன்றுகளுக்கு மூன்றாம் வருடம். அரோமா ஆப்பிள் சிவந்து, பறிக்க இன்னும் சில நாட்களே இருந்தன. நாலைந்து நாள் விடாத மழை, பிறகு ஓர் இரவு காற்று. காலையில் போய்ப் பார்த்தால் மேல்வரிசை எழுபது மரமும் சரிவை நோக்கிச் சாய்ந்து கிடந்தன. வடக்கு முனையில், படுத்திருக்கும் கன்றுக்குட்டி அளவில் ஒரு கல், எங்கள் இரும்பு வளையத்தோடு மண்ணைவிட்டு வெளியே வந்து கிடந்தது. துளையில் பிசகில்லை, சீமெந்தில் பிசகில்லை. பதினொரு மரம் ஒட்டுப் போட்ட இடத்தில் ஒடிந்திருந்தன. ஆப்பிள்கள் ஈரப்புல்லில் உருண்டு கிடந்தன. தோட்டக்காரர் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குனிந்து பொறுக்கத் தொடங்கினார். பழரசத்துக்குத்தான் அவை போயின.

அன்று பகல் உணவு வேளையில் அவரிடம் சொல்லிவிட்டேன். "எனக்குத் தெரியும். அன்றே கேட்டது. நான் சொல்லவில்லை." இலக்கணம் சரியாக இருந்ததா என்று யோசிக்கவில்லை. அவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்படியானால் இனிமேல் நீங்கள்தான் தட்ட வேண்டும்" என்றார்.

அடுத்த ஏப்ரலில் அந்த வரிசைக்குப் புதிய முனை தேடினோம். அவர் காட்டிய முதல் இடம், பார்த்தால் யாரும் பாறை என்றே சொல்லும் அகலமான மேனி. இரண்டு தரம் தட்டினேன். "இக்கே ஃபியெல். ஸ்டெயின்" என்றேன். பாறை இல்லை, கல். அவர் தானும் தட்டிப் பார்த்தார், நம்பிக்கை வரவில்லை. நான் கல்லின் ஓரம் நெடுக, மண் சேரும் இடுக்கில், போத்தல் தண்ணீரை ஊற்றினேன். எங்கள் ஊரில் கிணறு வெட்டுபவர்கள் செய்து பார்த்திருக்கிறேன். "இப்போது அடியுங்கள்" என்றேன். அவர் அடித்தார். இடுக்கில் நின்ற தண்ணீர் நடுங்கி, இரண்டு குமிழி விட்டு, உள்ளே இறங்கிவிட்டது. கல் அசைகிறது. குனிந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பிறகு அலவாங்கை என்னிடம் நீட்டினார்.

அங்கிருந்து மேலே நாலடி தூரத்தில் "ணங்" கேட்டது. தண்ணீர் ஊற்றினோம், அப்படியே நின்றது.

அன்றிரவு அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருக்கு இப்போது காது மந்தம், ஆனால் கல் என்றதும் குரல் நிமிர்ந்துவிட்டது.

"என்ன கல், சுண்ணாம்பா?"

"இல்லை அப்பா, நல்ல கடினமான கல். துளை போட அரைநாள் போயிற்று."

"எவ்வளவு ஆழம்?"

"ஒரு முழம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "பிள்ளை, சீமெந்து விட முதல் துளைக்குள் தூசியை ஊதினாயா? தூசி இருந்தால் பிடிக்காது."

"ஊதினேன் அப்பா. மூன்று தரம்."