கட்டுவதற்கு முன் ஒரு காரணம்

மனநல மருத்துவமனைக்கு இன்ஸ்பெக்‌ஷன் வருகிறார்கள் என்றால் முந்தின நாளே வார்டு மணக்கத் தொடங்கிவிடும். பினாயில், புதுப் பெயிண்ட், துவைத்த போர்வை. தீயணைப்பு சிலிண்டரில் தேதி தாண்டிவிட்டதா என்று யாராவது ஒருவர் மாடிக்கும் கீழுக்குமாக ஓடிக்கொண்டிருப்பார். தென்மாவட்டத் தனியார் மருத்துவமனை ஒன்றில் மனநல சமூகப் பணியாளராகப் பல வருடங்கள் இருந்தேன். நோயாளியிடம் பேசுவது, வீட்டாரிடம் பேசுவது, மீதி நேரமெல்லாம் படிவம் நிரப்புவது. அரசின் கட்டுப்பாட்டை நான் அதிகம் பார்த்தது காகிதத்தில்தான். 2017ஆம் வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் உருப்படியாக வேலை செய்ததும் அந்தக் காகிதம்தான் என்பது என் கட்சி.

தமிழ்நாட்டில் இந்த வேலையில் இருப்பவர்கள் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியைத் தொடாமல் இதைப் பேச முடியாது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே மனநோயாளிகள் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தபோது உள்ளே இருந்தவர்களால் ஓட முடியவில்லை. சங்கிலி. 28 பேர் இறந்தார்கள். அப்போது சட்டம் இல்லாமல் இல்லை. 1987ஆம் வருடத்து மனநலச் சட்டம் உரிமம் வாங்கச் சொல்லித்தான் இருந்தது. கேட்க ஆளில்லை. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்த பிறகுதான் மாநிலங்கள் அசைந்தன.

2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் (2017) சங்கிலியை எந்த வடிவத்திலும் கூடாது என்று ஒரேயடியாகத் தடுத்துவிட்டது. தனியறையில் பூட்டிவைப்பதும் கூடாது. துணிப்பட்டையால் கட்டுவதற்கு மட்டும் ஒரு சின்ன வழி விட்டிருக்கிறது: உடனடி ஆபத்து இருக்க வேண்டும், வேறு வழி இருக்கக் கூடாது, மனநல மருத்துவர் அனுமதிக்க வேண்டும். எதற்கு, எப்படி, எவ்வளவு நேரம் என்று கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நோயாளியின் பிரதிநிதிக்கு, அதாவது அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்டவருக்கு, சொல்ல வேண்டும். நோயாளிகளின் உரிமையைக் காக்க இந்தச் சட்டம் அமைத்த மனநல மறுஆய்வு வாரியத்துக்கு மாதாமாதம் அறிக்கை போக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த வரி ஒன்று அதில் உண்டு: ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டிக் கட்டக் கூடாது. இதை எழுதியவர் எவரோ, அவருக்கு இரவு டியூட்டி தெரிந்திருக்கிறது.

எங்கள் தலைமை மருத்துவர் இதற்கென ஒரு ரெஜிஸ்டர் போட்டார். சட்டம் கேட்காத ஒரு கட்டத்தையும் அதில் சேர்த்தார்: ‘கட்டுவதற்கு முன் என்ன செய்து பார்த்தீர்கள்?’ ஆரம்பத்தில் எல்லா வரியிலும் ஒரே பதில்தான். ‘பேசிப் பார்த்தோம், கேட்கவில்லை.’ மேலே இருப்பதைப் பார்த்துக் கீழே எழுதியது. மருத்துவர் காலை ரவுண்ட்ஸில் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, “என்ன பேசினீங்க சிஸ்டர்?” என்று கேட்க ஆரம்பித்தார். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல. இரண்டு மூன்று மாதத்தில் பதில்கள் மாறின. ‘அம்மாவிடம் போனில் பேச வைத்தோம்.’ ‘மின்விசிறிச் சத்தம் பிடிக்கவில்லை என்றார், நிறுத்தினோம்.’ ஒரு நாள் இரவு டியூட்டியில் இருந்த அட்டெண்டர் தம்பி எழுதியிருந்தான்: ‘டீ கேட்டார். கொடுத்தோம். கட்டவில்லை.’ கட்டியவர்களுக்கான ரெஜிஸ்டரில் கட்டாதவருக்கு ஒரு வரி. மருத்துவர் அதை அடிக்கவில்லை, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஆனால் ஊசி? அதற்கு இப்படியொரு ரெஜிஸ்டர் கிடையாது. “இவ்வளவு எழுதுறதுக்கு ஒரு ஊசி போட்டுத் தூங்க வெச்சிடலாம் சார்” என்று மூத்த சிஸ்டர் ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். கட்டுவதற்கான விதிகளைச் சொல்லும் பிரிவு 97 பேசுவது உடலைக் கட்டுவதைப் பற்றித்தான். மருந்தால் கட்டினால் மாத அறிக்கையில் அது வராது. கட்டிய கணக்கு குறைந்த மாதங்களில் மருந்துக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். சில மாதம் பார்த்தோம், சில மாதம் விட்டுப்போனது.

அவசர சிகிச்சைக்குச் சட்டம் தரும் நேரம் 72 மணி. அதற்குள் நிலைமையைக் கணித்து, விருப்பமில்லாதவரை வைத்துக்கொள்ள வேண்டுமானால் ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு நிபுணரும் தனித்தனியே பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவும் முதலில் 30 நாளுக்குத்தான். பெண் என்றால் 3 நாளிலும், ஆண் என்றால் 7 நாளிலும் வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். இந்த அட்மிஷனைக் கேட்க வேண்டியவர் நோயாளியின் பிரதிநிதி. குடும்பங்கள் அவரை நாமினி என்றே சொல்லும், ஏதோ பேங்க் அக்கவுண்ட் மாதிரி.

நாலைந்து நாள் தூக்கமே இல்லாமல் வந்த ஒரு பெண், மருந்து பிடித்துக் கொஞ்சம் நிதானமானதும் என்னிடம், “எங்க சித்தி பேரை எழுதிக்கோங்க சார்” என்றார். கணவருக்குச் சுருக்கென்றது. “தாலி கட்டினவன் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், சித்தி எதுக்கு?” அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், இரண்டு இரவும் வராந்தாவில்தான் படுத்திருந்தார். ஆனால் நியமிப்பது நோயாளியின் உரிமை. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும், நியமிக்கப்படுபவரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். சித்தி மறுநாள் பஸ் பிடித்து வந்து, படிவத்தை எழுத்துக்கூட்டி முழுசாக வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். மாமியார் வீட்டுக்குக் குடிபோனதிலிருந்தே மாத்திரையை நிறுத்திவிட்டாள் என்ற விஷயமே அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. கணவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

கட்டாய மொட்டை கூடாது, சொந்த உடை உடுத்த விடவேண்டும், மாதவிடாய்க்கு வேண்டியதைத் தர வேண்டும் என்றெல்லாம்கூடச் சட்டத்தில் இருக்கிறது. ஒரு இன்ஸ்பெக்‌ஷனில் குழுவில் வந்த அம்மா ஒருவர் மற்றவர்கள் கழிப்பறைகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது கட்டிலில் உட்கார்ந்து, “இது உன் நைட்டியாம்மா?” என்று ஒருவரிடம் கேட்டார். இல்லை என்று பதில் வந்தது. துணியெல்லாம் சலவையில் கலந்து, கைக்குக் கிடைத்தது யாருக்கோ போய்க்கொண்டிருந்தது. அதன்பிறகு ஒவ்வொரு துணியிலும் மார்க்கரில் பெயர் எழுதினோம். சலவைக்காரர் பிரித்துக் கட்ட மாட்டேன் என்று மல்லுக்கு நின்று, கூலியைக் கூட்டியபிறகுதான் சரி என்றார்.

குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காகவோ வீடில்லை என்பதற்காகவோ ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது பிரிவு 19. எங்கள் ஆண்கள் வார்டில் ஒருவர் குணமாகி, தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு, பேப்பர் படித்துக்கொண்டு இருந்தார். கேஸ் ஷீட்டில் ‘வீட்டுக்கு அனுப்பலாம்’ என்று எழுதியாயிற்று. அண்ணன் போனை எடுப்பதில்லை. குணமானவர்கள் மருத்துவமனைக்கு வெளியே தங்கும் இடைநிலை இல்லங்களுக்கு எழுதினால் இடமில்லை என்று பதில் வரும். அந்த இல்லங்களைக் கட்டவேண்டியது அரசு. அதைச் செய்யவில்லை என்று அரசிடம் விளக்கம் கேட்க ஒரு இன்ஸ்பெக்‌ஷன் குழுவும் வரவில்லை. நான் வேலையை விட்டபோது அவர் கோப்பை அடுத்து வந்த பெண்ணிடம் கொடுத்து, அண்ணனின் நம்பர் இரண்டும் உள் அட்டையில் இருக்கிறது, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் முயற்சி பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.