க்ராஸ்பி கடற்கரையில் நூறு இரும்பு மனிதர்கள்

இங்கிலாந்தின் லிவர்பூல் சென்ட்ரல் நிலையத்தில் சவுத்போர்ட் ரயிலைப் பிடித்தால், இருபது நிமிடத்துக்குள் பிளண்டல்சாண்ட்ஸ் அண்ட் க்ராஸ்பி நிலையம் வந்துவிடுகிறது. வீடுகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடந்தால் கடலோர நடைபாதை. அங்கிருந்து பார்த்தால், ஆளுக்கொரு இடத்தில் தள்ளித் தள்ளி நின்றுகொண்டு எல்லோரும் கடலையே பார்க்கிறார்கள். நாய்கள் மட்டும்தான் ஓடுகின்றன.

பிரிட்டிஷ் சிற்பி ஆண்டனி கோர்ம்லியின் ‘அனதர் பிளேஸ்’ (வேறோர் இடம்) இதுதான். சுமார் 3 கிலோமீட்டர் நீளத்துக்கு 100 வார்ப்பிரும்பு மனிதர்கள். கடலுக்குள்ளே கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் வரை நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் 189 சென்டிமீட்டர் உயரம், 650 கிலோ எடை. கோர்ம்லி தன் உடம்பிலிருந்தே எடுத்த 17 அச்சுகளில் வார்த்தவை.

கடல் உள்வாங்கியிருந்ததால் ஒருவர் பக்கத்தில் போய் நிற்க முடிந்தது. முகத்தில் கண், வாய் என்று எதுவும் தெளிவாக இல்லை. தோளில் துரு செதில் செதிலாக எழும்பியிருந்தது. இடுப்புக்குக் கீழே, படகின் அடியில் ஒட்டுமே, அந்தக் கொட்டலசு அப்பிக் கிடந்தது. விரல் வைத்தால் கீறும். கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டி, மார்பு லேசாக நிமிர்ந்து, மூச்சை இழுத்து நிறுத்தியவர் போல இருந்தார். அச்சு எடுக்கும்போது பிளாஸ்டர் இறுகும்வரை கோர்ம்லி அசையாமல் நின்றாக வேண்டும். 1970களின் தொடக்கத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும் தங்கிப் பௌத்த தியானம் பயின்றவர் அவர். அந்தப் பயிற்சி இந்த நிலையில் தெரிவதாகவே எனக்குப் பட்டது.

பொதுவாகச் சிலை என்றால் பீடம் உண்டு, பெயர்ப்பலகை உண்டு, நாம் அண்ணாந்து பார்க்க வேண்டும். இங்கே பீடமே கிடையாது. சிலர் முழங்கால்வரை மணலில் புதைந்திருக்கிறார்கள். கடல் ஏறினால் பலர் முழுசாக மூழ்கிப்போகிறார்கள். இருபதாம் நூற்றாண்டு ஓவியமும் சிற்பமும் மனித உடலை உடைத்தன, கலைத்தன, சில சமயம் அடியோடு விலக்கின. இங்கே அது முழு உருவத்தோடு திரும்பி வந்திருக்கிறது, ஆனால் உலகத்தின் நடுவில் அதற்கு இடமில்லை. அலை, துரு, கொட்டலசு, தூரத்தில் சுற்றும் காற்றாலைகள், சரக்குக் கப்பல்கள், இவற்றோடு மனிதனும் ஒருவன். இன்றைய கலையில் மனிதனுக்கு இதைவிட நேர்மையான இடத்தை நான் பார்த்ததில்லை.

இதைச் சோகமான படைப்பு என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு குழந்தை ஓடிவந்து ஒரு சிலையின் விரல்களைப் பிடித்துக்கொண்டு, அதே மாதிரி விறைப்பாகக் கடலைப் பார்த்து நின்றது. சில உருவங்களுக்கு யாராவது தொப்பியும் மஃப்ளரும் மாட்டிவிடுவதுண்டு. எனக்கு அது பிடிக்கும். அக்கம்பக்கத்து ஆளாக நினைத்தால்தானே குளிருமே என்று தோன்றும்!

1997இல் ஜெர்மனியின் குக்ஸ்ஹாஃபனில் முதலில் நின்றவர்கள் இவர்கள். அப்புறம் நார்வே, பெல்ஜியம் போய், 2005இல் இங்கே வந்தார்கள். அடுத்து நியூயார்க் போவதாக இருந்தது. 2007இல்தான் இங்கேயே இருக்கட்டும் என்று முடிவானது.

போகிறவர்கள் கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணையைப் பார்த்துவிட்டுப் போங்கள். தூரத்தில் நிற்பவர்களைத் தேடி நடக்க வேண்டாம். அங்கே சேறு காலை இழுக்கும், தண்ணீரும் வேகமாக ஏறும். கரையோரத்தில் நிற்பவர்களே போதும்.