குழாய்க்குள் நின்றுபோன கலவை

மும்பை லோயர் பரேலில் ஓர் அடுக்குமாடிக் கட்டடப் பணியில் இளம் பொறியாளனாகச் சேர்ந்தபோது, கான்கிரீட் பம்பைப் பெரிய தண்ணீர் மோட்டார் என்ற அளவில்தான் எண்ணியிருந்தேன். தண்ணீரை மெல்லத் தள்ளினால் மெல்லவாவது நகரும். கான்கிரீட்டோ ஓர் எல்லை வரை எவ்வளவு தள்ளினாலும் அசையாது. அந்த எல்லையைத்தான் யீல்டு ஸ்ட்ரெஸ் என்கிறார்கள். இத்தகைய பொருள்களின் ஓட்டத்தை அமெரிக்க வேதியியலர் யூஜின் பிங்காம் 1916இல் விளக்கியதைக் கல்லூரியில் படித்துத் தேர்விலும் எழுதியிருந்தேன் என்பது வேறு கதை.

அந்த மே மாதப் பிற்பகலில் போக்குவரத்து நெரிசலில் மிக்சர் லாரி சிக்கிக்கொள்ள, பம்பு நாற்பது நிமிடம் நின்றது. திரும்ப இயக்கியதும் அழுத்தமானியின் முள் ஏறிக்கொண்டே போனதே தவிர, மேல்தளத்தில் ஒரு சட்டி கலவைகூட விழவில்லை. அசையாமல் கிடக்கும் கலவை உள்ளுக்குள் இறுகிக்கொண்டே போகும் என்பதால், ஓடும்போது போதுமாயிருந்த அழுத்தம் கிளப்புவதற்குப் போதவில்லை. கணக்கு எளியது: யீல்டு ஸ்ட்ரெஸ் 500 பாஸ்கல் உள்ள கலவை 125 மி.மீ. குழாயின் சுவரை அப்படியே பற்றிக்கொண்டால், கிடைமட்டமாக 100 மீட்டருக்கு அதை அசைக்கவே 16 பார் அழுத்தம் வேண்டும். யீல்டு ஸ்ட்ரெஸ் இருமடங்கானால் அழுத்தமும் இருமடங்காகும்.

கணக்குப் போடாமல், பம்புக்குக் கலவை கொட்டும் தொட்டியான ஹாப்பரில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். திருநெல்வேலிக்காரரான பம்பு ஆபரேட்டர் அண்ணாச்சி, "வேண்டாம் தம்பி, தண்ணி ஓடிரும், ஜல்லி நின்னுரும்" என்றார். நான் கேட்கவில்லை. அவர் சொன்னபடியே நீர்த்த சாந்து முன்னே வழிந்தோட, ஜல்லி குழாயின் முதல் வளைவில் சேர்ந்து பூட்டிக்கொண்டது.

அண்ணாச்சி முதலில் பம்பின் பிஸ்டனைச் சில வீச்சுகள் ரிவர்ஸில் ஓட்டி அழுத்தத்தை இறக்கினார். அதைச் செய்யாமல் குழாய்த் துண்டுகளை இணைக்கும் கிளாம்பைக் கழற்றுபவன் முகத்தில் கல்லை வாங்குவான். பிறகு சுத்தியலால் குழாயைத் தட்டிக்கொண்டே நடந்து, ஓசை மந்தமான இடத்தில் நின்றார். அங்கே கழற்றியபோது உள்ளே ஈரமே இல்லாத ஜல்லிக் கட்டி. அடுத்திருந்த நல்ல துண்டிலோ நடுவில் கலவை உருளையாகத் திரண்டிருக்க, ஓரத்தில் மெல்லிய சிமெண்டுச் சாந்துப் படலம் பளபளத்தது. சுவருக்கு அருகேதான் இழுவிசை மிகுதி; வழுக்கலும் நெகிழ்வும் அங்கேதான் நிகழ்கின்றன. நடுப்பகுதி சிதையாத கட்டியாகவே பயணம் செய்கிறது. படலம் போனால் பயணமும் போயிற்று. குழாயின் நடுவில் வேகம் ஒரே சீராக இருப்பதைக் காட்ட நான் தேர்வில் வரைந்த தட்டையான வேகக் கோட்டைக் கையால் தொட்டது அன்றுதான்.

அதன்பின் லாரி தாமதமாகும் நாள்களில் ஹாப்பரைக் காலியாக விடாமல், ஐந்து நிமிடத்துக்கொரு முறை அண்ணாச்சி முன்னே இரண்டு வீச்சு, பின்னே இரண்டு வீச்சு ஓட்டுவார். டீசல் வீணாகிறது என்று மேலாளர் குறைப்பட்டுக்கொண்டபோது, கணக்குத் தாளுடன் போய் நின்றது நான்தான்.